சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது: செல்ஃப் மோட்டாரை நானே கழற்றி மாட்டலாமா?

உங்கள் கார் 12 வருடப் பழையது, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. நாலைந்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுத்துக்கொள்கிறது. செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர்) போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். அதை நானே கழற்றி மாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். சிறிய கார்கள் பலவற்றில் இது இரண்டு போல்ட், இரண்டு ஒயர் வேலைதான். எனக்குக் கவலையெல்லாம் வேறு இடத்தில். இருபது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ‘போய்விட்டது’ என்று சொல்லி என் மேஜைக்கு வந்த செல்ஃப் மோட்டார்களில் நன்றாக இருந்தவை நிறைய. கோளாறு பேட்டரி முனையில் இருக்கும், இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரில் இருக்கும். நல்ல மோட்டாரைக் கழற்றிப் புதிதை மாட்டுவார்கள்; கழற்றி மாட்டும்போது டெர்மினலும் சுத்தமாகிவிடுவதால் வண்டியும் எடுக்கும், புதிய மோட்டார்தான் சரிசெய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமானதே போதும்.

மீட்டர் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இருட்டான இடத்தில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ கேட்கும்போது லைட் மங்கி அணைகிற மாதிரி ஆனால், பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக் கிடக்கிறது. லைட் கொஞ்சமும் அசையாமல் பிரகாசமாகவே எரிந்தால் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை என்று அர்த்தம். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாகத் தட்டுகிற சத்தம் என்றால் அநேகமாகப் பேட்டரிதான். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் பெண்டிக்ஸ் (மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தோடு இருக்கும் ஒருவழி கிளட்ச்) வழுக்குகிறது. பல்லோடு பல் உரசும் கரகரப்பு கேட்டால் ரிங் கியரை (இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுற்றியுள்ள பல் வளையம்) பார்க்க வேண்டும். அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலோ ஃப்யூஸ் பெட்டியிலோ மெதுவாகக் கேட்டால் அது ரிலே என்கிற சின்ன மின் ஸ்விட்ச். பானெட்டுக்குள் கனமாகக் கேட்டால்தான் அது செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு, அதாவது அதன் முதுகில் இருக்கும் மின்காந்த ஸ்விட்ச்.

இப்போது மீட்டர். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் ஈய முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி அதே இடத்தில் அளவைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது.

அப்புறம் பலரும் செய்யாமல் விடுகிற சோதனை. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரில் தடித்த ஒயர் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து சாவியைத் திருப்புங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தத் தடித்த ஒயரின் பாதையில் தடை இருக்கிறது. அதே மாதிரி பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் சரியில்லை. இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுற்றவே செல்ஃப் மோட்டார் 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஒரு டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை உப்பு அவ்வளவு தடையைத் தாராளமாகக் கொடுக்கும். உள்விளக்கு, ஹாரன், ரேடியோ எல்லாம் சில ஆம்பியரில் ஓடுகிறவை, அவற்றுக்கு அந்தத் தடை தெரியவே தெரியாது. ‘ஹாரன் நல்லா அடிக்குதே, அப்போ பேட்டரி சரிதான்’ என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டாருக்குள் கரண்டே போகவில்லை என்றால் இரண்டு இடத்திலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். அப்போது மீட்டரை நேரடியாக மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே வையுங்கள். ‘டக்’ கேட்கும்போது அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருந்து, மோட்டாரும் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு உள்ளேதான். நாலைந்து முறைக்கு ஒருமுறை எடுக்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பேட்டரியும் எர்த்தும் சரியாக இருக்கும் பட்சத்தில், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை கருகியிருக்கலாம் அல்லது கார்பன் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் துண்டு) தேய்ந்திருக்கலாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். தெரிந்தால் கழற்றும்போது கை தயங்காது. மோட்டாரின் முதுகில் சின்ன உருளை மாதிரி இருப்பது சொலினாய்டு. சாவியைத் திருப்பியதும் மெல்லிய ஒயர் வழியாக அதற்கு 12 வோல்ட் போகிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை அது இழுக்கிறது. அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கிறது: முன்பக்கம் ஒரு நெம்புகோல் சின்னப் பல்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலின் ரிங் கியரோடு கோக்கிறது, பின்பக்கம் ஒரு செம்புத் தகடு இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைத்து மோட்டாருக்குப் பேட்டரியின் முழுக் கரண்டையும் திறந்துவிடுகிறது. ‘டக்’ என்பது அந்தத் தண்டு ஓடிப்போய் இடிக்கும் சத்தம். சத்தம் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் முதல் வேலை நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை, அல்லது நடந்தும் மோட்டாருக்குச் சுற்றப் போதுமான கரண்ட் ஓடவில்லை, அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது. 1912 மாடல் காடிலாக்கில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும் முன்பு பெரும்பாலானோர் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள்; இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு உடையும். நம் ஊர் பழைய அம்பாசிடர்களில் ஹேண்டில் போட்டு எடுத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

சரி, மோட்டாரில்தான் கோளாறு என்று உறுதியானால் கழற்றலாம்.

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனையைத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வைப்பது. இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் பெரும்பாலான கார்களில் ஃப்யூஸ் கிடையாது. பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, சாவி எடுத்திருந்தாலும் அதில் கரண்ட் இருக்கும். நான் தொழில் கற்றுக்கொண்ட முதல் வருடம் அவசரத்தில் இதைச் செய்யாமல் கையை விட்டேன். ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டில், மறுமுனை இன்ஜினில். கையில் இரும்புப் பட்டை வைத்த கடிகாரம் வேறு. நொடிக்குள் ஸ்பேனர் பழுக்கச் சூடாகி ஒட்டிக்கொண்டது, கடிகாரப் பட்டை பட்ட இடத்தில் மணிக்கட்டில் வளையமாகச் சூடு போட்டுவிட்டது. தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் திட்டவில்லை. மருந்து போட்டுவிட்டு, “தம்பி, இனிமே பானெட்டைத் திறந்ததும் முதல்ல எர்த், அப்புறம்தான் எதுவா இருந்தாலும்” என்றார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மோதிரம், கடிகாரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

ஏன் பாசிட்டிவை விட்டு நெகட்டிவைக் கழற்றுகிறோம் என்றும் பலர் கேட்பார்கள். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு இணைந்தது. நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் உடம்பில் பட்டால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் பைப் பக்கத்தில் கை போகும்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்று தேட, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து போகும் தடித்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில், ஒரு சாண் நீள உருளை படுத்திருக்கும், அதன் முதுகில் சின்ன உருளை. சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பேட்டரித் தட்டையும் எடுத்தாலே மேலிருந்து கை எட்டும். சிலவற்றில் கீழே படுத்துத்தான் செய்ய வேண்டும். லெக்ஸஸ் எல்எஸ் 400 மாதிரி சில வி8 கார்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது வேறு கதை, உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

கீழே போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். சமதளமான சிமென்ட் தரை, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், சேஸிஸில் குறிப்பிட்ட இடத்தில் இரண்டு ஜாக் ஸ்டாண்டு. வண்டியை அதன்மேல் இறக்கிய பிறகு பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், அசைந்தால் மறுபடி வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இவற்றை அடுக்கி அதன்மேல் வண்டியை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒயர் ஒரு பிளாஸ்டிக் பூட்டோடு செருகியிருக்கும். 12 வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அது, அப்பளம் மாதிரி உடையும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து ஆட்டி எடுங்கள். தடித்த ஒயர் ரப்பர் மூடிக்குள் ஒரு நட்டில் இருக்கும், பெரும்பாலும் 12 அல்லது 13 ஸ்பேனர். அது இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம். அந்தச் செம்புப் போல்ட் சொலினாய்டின் பிளாஸ்டிக் மூடியில் பதிந்திருக்கிறது. போல்ட் சேர்ந்து திரும்பினால் உள்ளே இணைப்பு அறுந்து சொலினாய்டே பாழாகும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துப் பத்து நிமிடம் விட்டு மெதுவாகத் திருப்புங்கள்.

அடுத்து மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். 14 அல்லது 17 ஸ்பேனர் பொருந்தும். மேல் போல்ட் பல வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராட்செட்டோடு நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தால் பாதி வேலை குறையும். இரண்டு போல்ட்டும் ஒரே நீளமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எது எந்த ஓட்டைக்கு என்று குறித்து வையுங்கள். சில வண்டிகளில் அதே போல்ட்டில் இன்ஜினின் எர்த் பட்டையும் சேர்ந்திருக்கும். திரும்ப மாட்டும்போது அதை மறந்துவிட்டால் புதிய மோட்டார் போட்டும் ‘டக்’ என்ற சத்தம்தான் கேட்கும்.

மேல் போல்ட்டை முதலில் எடுங்கள், கீழ் போல்ட்டைக் கடைசியில், ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொண்டு. எடை 3, 4 கிலோ இருக்கும், முகத்துக்கு நேராக விழுந்தால் தாங்காது. மூக்குப் பகுதியைக் கொஞ்சம் ஆட்டித் திருப்பினால் வெளியே வரும். இடையே தகடு அல்லது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். மோட்டார் வந்ததும் அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தால் கியர் பெட்டியையே இறக்க வேண்டிவரலாம்.

அடைக்கும் முன் டார்ச் அடித்து ரிங் கியர் பற்களைப் பாருங்கள். இன்ஜினை அணைக்கும்போது அது கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஒரு சிலிண்டரின் அமுக்கம் தடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். நாலு சிலிண்டரில் ஃப்ளைவீலின் இரண்டு இடத்திலும், உங்கள் மூன்று சிலிண்டரில் மூன்று இடத்திலும் திரும்பத் திரும்பச் சின்னப் பல்சக்கரம் வந்து இடிக்கும். அதனால் தேய்மானமும் அந்த மூன்று இடத்தில்தான். கிராங்க் புல்லி (இன்ஜின் பெல்ட் ஓடும் கீழ்ச்சக்கரம்) போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு முழு வட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஓரம் லேசாக மழுங்கியிருந்தால் பரவாயில்லை. பல் பாதியாகக் குறைந்திருந்தால் எந்த மோட்டாரைப் போட்டாலும் கரகரக்கும்.

கழற்றிய மோட்டாரைக் கையில் வைத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பல்சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். ஒரு பக்கம் தாராளமாகச் சுற்றி, மறுபக்கம் ஆர்மேச்சரையும் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) சேர்த்து இழுத்துச் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் வழுக்கினால் பெண்டிக்ஸ் போயிற்று. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் நன்றாக ஆடுகிறதென்றால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. கரண்ட் கொடுத்துப் பார்ப்பதானால் வைஸில் இறுக்கிப் பிடித்த பிறகுதான். கிளம்பும்போது கையிலிருந்து துள்ளி ஓடும். ஜம்பர் ஒயரில் நெகட்டிவை உடம்புக்கும் பாசிட்டிவைத் தடித்த ஒயர் மாட்டியிருந்த போல்ட்டுக்கும் கொடுத்து, அந்தப் போல்ட்டிலிருந்து ஒரு துண்டு ஒயரால் மெல்லிய டெர்மினலைத் தொடுங்கள். பல்சக்கரம் வெளியே பாய்ந்து முழு வேகத்தில் சுற்ற வேண்டும். மூன்று நான்கு நொடிக்கு மேல் விடாதீர்கள்.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன்: கழற்றியதும் புதிது வாங்க ஓடாதீர்கள். ஆர்மேச்சரும் காயிலும் எரியாமல் இருந்தால், கார்பன் செட், புஷ், தேவைப்பட்டால் பெண்டிக்ஸ், சொலினாய்டு மாற்றி அதே மோட்டாரை இன்னும் பல வருடம் ஓட்டலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது சில மணி நேர வேலை, செலவும் புதியதைவிட வெகுவாகக் குறையும். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஆகட்டும், பாஷ் ஆகட்டும், அவர்களின் மோட்டார்களுக்கு உதிரி பாகங்கள் தனித்தனியாகவே கடையில் கிடைக்கின்றன. நீங்களே பிரித்தால் இரண்டு விஷயம் கவனம். கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புப் பகுதி) எமரி தாளால் தேய்க்காதீர்கள், நைசான உப்புத்தாள் போதும். பெண்டிக்ஸைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள். உள்ளே ஆயுளுக்கும் வைத்த கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும். எடுக்காத மோட்டாரைச் சுத்தியால் தட்டினால் எடுக்கும் என்பார்கள். தேய்ந்த கார்பன் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒருமுறை எடுக்கத்தான் செய்யும். ஆனால் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் அந்தத் தட்டில் காந்தம் விரிசல் விட்டுவிடும்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய மோட்டார் வாங்குவதாக இருந்தால் உங்கள் மோட்டாரைக் கையோடு கொண்டுபோங்கள். பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, மூக்கின் நீளம், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, சுற்றும் திசை நான்கும் ஒத்துப்போக வேண்டும். அதே மாடல் காரிலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மோட்டார் வேறு.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்கு முன் மோட்டார் உட்காரும் முகத்தையும், மோட்டாரின் முகத்தையும் ஒயர் பிரஷ் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பெரும்பாலான செல்ஃப் மோட்டாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, அந்த முகம்தான் எர்த். அதில் பெயின்ட் அடிக்காதீர்கள். பேட்டரி முனைகளையும் இன்ஜின் எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் இதே கையோடு சுத்தம் செய்துவிடுங்கள்.

அடைத்த துணியை எடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு மோட்டாரை நேராக உள்ளே தள்ளுங்கள். அதன் வட்டக் கழுத்து ஓட்டையில் முழுதாக உட்கார வேண்டும். உட்காராத மோட்டாரை போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று நினைத்தால் அலுமினிய மூக்கு உடையும். இரண்டு போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஐந்தாறு சுற்று ஏற்றுங்கள், பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதன் பிறகு தடித்த ஒயர். அதன் காது இன்ஜினிலோ சைலன்சர் பைப்பிலோ படாத கோணத்தில் வைத்து, நட்டை அளவாக இறுக்கி, ரப்பர் மூடியைப் போடுங்கள். மெல்லிய ஒயர் ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். எல்லாம் முடிந்து கருவிகளை எண்ணிப் பார்த்த பிறகு, கடைசியாகப் பேட்டரி நெகட்டிவ். மாட்டும்போது கடுகளவு பொறி வருவது இயல்பு. பெரிதாகப் பொறி பறந்தால் உடனே எடுத்துவிடுங்கள், எங்கோ தடித்த ஒயர் உடம்பில் தொட்டுக்கொண்டிருக்கிறது.

ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கி, நியூட்ரலில் வைத்து, முதல் தடவை இரண்டு நொடி மட்டும் சாவியைத் திருப்புங்கள். சீராகச் சுற்றி, சாவியை விட்டதும் சத்தம் உடனே நின்றால் சரி. இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் ஊளைச் சத்தம் தொடர்ந்தால் பல்சக்கரம் பின்வாங்கவில்லை, உடனே அணையுங்கள். எப்போதுமே ஒரே தடவையில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் ஆறவிட்டு அடுத்த முயற்சி. பேட்டரி கழற்றியதால் கடிகாரம், ரேடியோ எல்லாம் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும், முதல் சில நிமிடம் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

கடைசியாக மீட்டரை மறுபடி எடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், பாசிட்டிவ் பாதை, எர்த் பாதை மூன்றையும் அளந்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி ‘டக்’ கேட்டால், எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்து நேராக அந்த இடத்துக்குப் போகலாம்.